கத்த ஒண்ணு, கெளம்ப ஒண்ணு

எழுபதுகளில் ஒரு புயல் ஓய்ந்த மறு வாரம், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் இதைக் கேட்டேன். என் முன்சீட்டில் காக்கிச்சட்டை போட்ட தாலுகா ஆபீஸ் ஜீப் டிரைவர் ஒருவர், பக்கத்தில் இருந்த மீன்காரம்மாவிடம் சொன்னார்:

“எங்க ஜீப்புக்கு இப்ப ரெண்டு பேட்டரி, அக்கா. ஒண்ணு கத்தறதுக்கு, ஒண்ணு கெளம்பறதுக்கு.”

“இன்னாபா சொல்ற?”

“முன்ன ஒரு புயலப்போ குப்பத்துல ‘மேட்டுக்குப் போங்க’ன்னு மைக்குல கத்திக்கினே இருந்தேன். ஒரே பேட்டரி. அது தீந்துபோயி மைக்கும் நின்னுச்சி, ஜீப்பும் கெளம்பல. பாதி ஜனத்துக்குச் சேதியே போவல. மனசு கேக்காம, மெக்கானிக்கப் புடிச்சி மைக்குக்குன்னு தனி பேட்டரி வெச்சேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவிட்சு. வண்டி ஓடறப்ப ரெண்டும் சார்ஜ் ஏறும். நின்னதும் சுவிட்ச அணைச்சிடுவேன். மைக்கு எவ்ளோ இழுத்தாலும் வண்டி பேட்டரி அப்டியே இருக்கும்.”

“இந்த வாட்டி?”

“பழவேற்காட்டு மணல்ல நிறுத்திட்டு சாயங்காலம் வரிக்கும் கத்தினேன். நடக்க முடியாதவங்கள ஏத்திக்கினு சாவி போட்டேன். ஒடனே கெளம்பிடுச்சி.”

அந்தம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“வலைய வுட்டுட்டு வரமாட்டேன்னு எம்புள்ள குந்திக்கினு இருந்தான், தம்பி. பொழுது சாயறப்ப நீ கத்தினியே, அதக் கேட்டுத்தான் எழுந்து வந்தான். நேத்து மறுபடி கடலுக்குப் போனான்.”