தெரியாததுக்கு ஒரு சுள்ளி

அந்தக் காலத்துல, நம்ம தாத்தனுக்குத் தாத்தன்லாம் பொறக்கறதுக்கு முந்தி, செம்மணல் மேடு மேடாக் குவிஞ்ச தேரி ஓரமா கள்ளிக்கிணறுன்னு ஒரு ஊரு இருந்ததாம். இதே ஊருதான். ஆனா இங்கன இல்ல. அந்தா தெரியுது பாருங்க ஒரு மேடு, அதுக்கு அடியில இருந்ததாம். ஊருக்கு மேக்க உடங்காடு. குடை விரிச்ச மாதிரி உடைமரம், கண்ணுக்கு எட்டுன மட்டும் முள்ளு.

அந்த ஊருக்குப் பெரியாளு பூவலிங்கம். பெரியாளுன்னா சொத்து சொகம் உள்ளவரு இல்ல. அரண்மனையில இருந்து யாரு வந்தாலும் முன்னால போயி நிக்கணும், ஊருக்காகப் பொய் சொல்லணும். அதுதான் அவரு வேல. அவரு அப்பனும் அதத்தான் செஞ்சாரு. சொல்லிச் சொல்லி மனுசன் அலுத்துப் போயிட்டாராம்.

ஏன் பொய் சொல்லணும்? ஆடு இருக்குன்னா ஆட்டுக்கு வரி. தேன் இருக்குன்னா தேனுக்கு வரி. அதனால அரண்மனை ஆளு தலை தெரிஞ்சாப் போதும், பொம்பளைக ஆட்டப் பத்திக்கிட்டுத் தேரிக்குள்ள போயிருவாக. தேன்சட்டி தானியம் கொட்டி வைக்கிற குலுக்கைக்குள்ள போயிரும். விறகு மேல பனை ஓலையப் போட்டு மூடிருவாக.

ஒரு பங்குனி மாசம் அரண்மனை மணியக்காரர் வந்தாராம். வெயில்ல வாடி வதங்கி, செருப்புக்குள்ள மணலோட வந்து நின்னாராம்.

"பூவலிங்கம், ஒவ்வொரு ஊரா பாத்துட்டு வாரேன். எந்தக் காடு, எந்தக் கொளம் சனங்களுக்கு என்ன குடுக்குதுன்னு கேட்டுட்டு வரச் சொல்லி உத்தரவு. இந்தக் காடு உங்களுக்கு என்ன குடுக்கு?"

"முள்ளு குடுக்குய்யா."

"ஆடு மேயலையா?"

"எங்க ஊர்ல ஆடு ஏதுய்யா?"

"விறகு?"

"புகையும்யா. கண்ணு அவிஞ்சு போகும்."

"சரி, நெழலாவது உண்டா?"

"உக்காந்தா முள்ளு குத்தும்யா. ஒண்ணுத்துக்கும் ஆகாத காடு."

மணியக்காரரு ஒரு மாதிரி பாத்தாராம். சத்தியமான்னு கேட்டாராம். சத்தியம்னு சொல்லி மண்ணத் தொட்டாராம் பூவலிங்கம். எப்படா இவரு போவாரு, வீட்டுக்குப் போயி கட்டையச் சாய்க்கலாம்னுதான் நெனப்பு. அம்புட்டு அசதி.

அந்த மணியக்காரரு வரி போட வரல. அதான் கூத்து. அரண்மனைக்குப் புதுசா கோட்டை கட்டுதாக, சுண்ணாம்புக் காளவாசலுக்கு மலையளவு விறகு வேணும். சனங்களுக்கு ஒதவுற காட்ட விட்டுட்டு, ஒதவாத காட்ட வெட்டுங்கன்னு உத்தரவு. எத விடணும்னு பாக்கத்தான் அவரு ஊரு ஊரா அலைஞ்சிருக்காரு. அத அவரு சொல்லல, இவரும் கேக்கல.

சித்திரையில கோடாலி வந்துட்டு.

பூவலிங்கம் ஓடுனாராம். அரண்மனை வாசல்ல போயி விழுந்தாராம். "ஐயா, அந்தக் காடுதான் எங்க உசுரு. ஆடு அங்கதான் மேயுது, அடுப்பு அதுலதான் எரியுது. தேனு உண்டு, பிசின் உண்டு, வேலிக்கு முள்ளு உண்டு. நான் சொன்னது பொய்யி."

மணியக்காரரு கோவப்படலையாம். அவருக்கும் அலுத்துப் போச்சு.

"எந்த ஊர்லயும் இதே கததான் பூவலிங்கம். கேக்க வந்தா ஒண்ணுமில்லங்கிய. வெட்ட வந்தா எல்லாம் உண்டுங்கிய. அன்னைக்கு மண்ணத் தொட்டுச் சொன்ன. அத நம்பவா, இத நம்பவா? வெட்டச் சொல்லியாச்சு. போ."

மரமெல்லாம் போச்சு. வண்டி வண்டியாப் போச்சு.

சரி, ஆட்ட வித்துட்டுப் பொழைப்போம்னு ஊரு மனசத் தேத்திக்கிட்டது. அப்பத்தான் ஆனி பொறந்தது. மேக்காத்து கிளம்புச்சு. காத்தோட தேரியும் கிளம்புச்சு.

அதுவரைக்கும் ஊருக்குள்ள மணல் வந்ததில்ல. ஏன் வரலன்னு யாரும் நெனச்சதும் இல்ல. காடு மறிச்சு நின்னிருக்கு. ஆட்ட ஒளிச்சாக, தேன ஒளிச்சாக, விறக ஒளிச்சாக. இத மட்டும் ஒளிக்கல. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே ஒளிப்பாக?

காலையில கிணத்து மணல அள்ளுவாக, சாயந்தரம் கிணறு மூடிக்கிடும். சோத்துல மணல். தொட்டில்ல மணல். ஆடி முடியறதுக்குள்ள பூவலிங்கம் வீட்டு வாசல் போச்சு, அப்புறம் சுவரு போச்சு, அப்புறம் கூரையும் போச்சு. சனங்க மூட்டையக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கமா கிழக்க வந்து குடிசை போட்டாக. ஒருத்தரும் அவர ஏசலையாம். ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அவரு மணலப் பாத்துக் குத்தவச்சு உக்காந்துட்டாராம்.

அவரு சம்சாரம் பிச்சம்மைதான் பேசுச்சாம். ஆடு மேய்க்கிற பொம்பள, வாய் கொஞ்சம் நீளம்.

"இப்படியே குத்தவச்சு இருந்தா மணல் நின்னுருமா? எந்திரிங்க."

"எந்திரிச்சு என்னத்தச் செய்ய? உடை வெத போட்டா மொளைக்குமா? கல்லுல்லா அது."

"வெறும் வெத மொளைக்காது. ஆட்டு வயித்துக்குள்ள போயிட்டு வந்தா மொளைக்கும். ராத்திரி ஆட்ட அடைச்சுக் கிடை போட்ட எடத்துல எல்லாம் மொளைச்சிருக்கு. நீங்க எங்க அதெல்லாம் பாத்திய? பொய் சொல்லவே நேரம் சரியாப்போச்சு."

அன்னைக்கே கிளம்புனாராம். எங்கெங்க உடைமரம் மிச்சம் நிக்கோ அங்கெல்லாம் போயி வெதையோட காஞ்சு விழுந்த நெத்துப் பொறுக்கி, தலைச்சுமையாச் சுமந்து வந்து விக்காம மிச்சமிருந்த ஆட்டுக்குப் போட்டாராம். அந்த ஆட்ட மணல் மேட்டுல கிடை மறிச்சாராம். ஐப்பசி மழைக்கு மொளைக்கும். ஆனிக் காத்துல பாதி போயிரும். மறுபடியும் நெத்து, மறுபடியும் கிடை. மறுபடியும் போகும்.

"அண்ணாச்சி, இது எப்பக் காடாக?"ன்னு கேப்பாக.

"தெரியாதுடே. ஆட்டப் பிடி."

இதத்தான் சொல்லுவாராம். வேற பேச்சு கெடையாது. முதுகு வளைஞ்சு போச்சு. பிச்சம்மையும் போயி சேந்துட்டா. மனுசன் சிரிச்சு யாரும் பாத்ததில்லையாம்.

ரொம்பக் காலம் கழிச்சு, மேட்டு மேல முள்ளா எந்திரிச்சு மணல் அடங்குன பொறவு, அரண்மனையில இருந்து புது மணியக்காரரு ஒருத்தரு வந்தாராம். சின்ன வயசு. வழக்கம்போல ஊருல ஆட்டப் பத்தப் போனாக. பூவலிங்கம் ஒரு உடைமரத்தடியில, முள்ளக் கூட்டித் தள்ளிட்டு உக்காந்திருந்தாராம். ஆட்ட ஒளிக்காதிய, நிறுத்துங்கன்னாராம்.

"பெரியவரே, இந்தக் காடு உங்களுக்கு என்ன குடுக்கு?"

எந்திரிக்கக்கூட இல்லையாம். உக்காந்த வாக்குலயே சொன்னாராம். "ஆட்டுக்கு நெத்து குடுக்கு. அடுப்புக்கு விறகு குடுக்கு. தேனு, பிசினு, வேலிக்கு முள்ளு. மணல மறிக்கு. எனக்கு நெழல் குடுக்கு. எல்லாத்துக்கும் வரியப் போடுங்க."

மணியக்காரரு சரின்னு கிளம்பப் போனாராம்.

"நில்லுங்கய்யா. எனக்குத் தெரியாதது இன்னும் கிடக்கும் இதுல. அதுக்கும் சேத்துப் போடுங்க. நாங்க குடுத்துருதோம்."

அந்தப் புது மணியக்காரரு அதுக்கு என்ன சொன்னாருன்னு யாருக்கும் தெரியல. நம்ம சனங்களுக்கு அந்த வார்த்தை மட்டும் தங்கிப்போச்சு.

அதனாலதான் இன்னைக்கும் விறகுக்குப் போறவுக, சுமையோட வெளிய வாரப்ப பூவலிங்கம் மேட்டுல எறக்கி வச்சு, என்னென்ன எடுத்தோம்னு வாய்விட்டுச் சொல்லுதது. சொல்லி முடிச்சு, ஒரு சுள்ளிய உருவி அங்கன போட்டுட்டு வாரது. அந்தச் சுள்ளிய யாரும் அடுப்புக்கு எடுக்க மாட்டாக. அது நமக்குத் தெரியாததுக்கு.

மேட்டுக்கு அடியில அவரு வீடு இன்னும் இருக்காம்.