இடுப்பில் ஒரு நீல நூல்

— மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதின கடிதத்தை இதுவரைக்கும் படி, ஃபிஷெல்.

— “இருந்தவர்கள்: மேசையின் தலைமாட்டில் பெண்ணின் தகப்பனார் செலிக். ஜன்னலோரம் தாய்மாமன் ஃபிஷெல், அதாவது இதை எழுதுகிறவன். அடுப்படி வாசலில் மணப்பெண் யிஸ்கா. பொருள்: மணமகன் எல்கானா ஓய்வுநாள் ஜெபத்துக்கு, இடுப்புக் குஞ்சத்தில் நீல நூலோடு வந்தது.”

— நீலம்னு போடாதே. அவன் அதைத் தெகேலெத்ங்கிறான். அப்படியே போடு.

— அப்படின்னா என்ன நிறம்னு கேட்டா, அத்தான்?

— அதைத்தான் யாராலும் சொல்ல முடியலையே. யூதனாப் பொறந்தவன் உடுப்புக் குஞ்சத்துல தெகேலெத் நூல் கட்டணும்னு வேதம் சொல்லிச்சு, வாஸ்தவம். சாயம் தொலைஞ்சு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. கடல் நிறம்னார் ஒரு பெரியவர். பூண்டுத்தாள் பச்சைன்னார் இன்னொருத்தர். எங்கப்பா, தாத்தா எல்லாம் வெறும் வெள்ளையைக் கட்டிட்டே போய்ச் சேர்ந்தாங்க. மாப்பிள்ளை துரைக்கு மட்டும் அந்தச் சாயம் கிடைச்சுடுச்சாம்.

— கடல்நத்தையில இருந்து எடுக்கறாங்கப்பா. வெயில் பட்டா ஊதா போய் நீலமாயிடும்.

— நத்தை. தட்டுல வெச்சா தீட்டு, இடுப்புல தொங்கவிட்டா பக்தியா?

— அது முதல்ல நிறத்துக்குப் பேரே இல்லையாம். பாபிலோன் பக்கம் சாயம் போட்ட கம்பளியைத்தான் அப்படிக் கூப்பிட்டாங்களாம். அவர்தான் சொன்னார்.

— கேட்டியா ஃபிஷெல்? வேதத்துக்கு அர்த்தத்தைப் பாபிலோன் ஜவுளிக்கடையில விசாரிக்கிறார் மாப்பிள்ளை.

— பையன் தங்கம், அத்தான். மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. ஒரு நூலுக்காகக் கல்யாணத்தை நிறுத்துவாங்களா?

— ஒரு நூலா? செலிக்கைவிட மாப்பிள்ளை ஒரு நூல் ஒசத்தின்னு ஜெபக்கூடம் பூரா பேசுது. ரொட்டிக்கடை லெய்சர் சொல்றான், நான் அவன்கிட்டப் பாடம் கேட்டுக்கணுமாம்.

— அதுல என்ன தப்பு? நீங்களும் ஒண்ணு கட்டிக்குங்களேன்ப்பா. உங்க கோட்டுக்கு எடுப்பா இருக்கும்.

— எழுது ஃபிஷெல். “இந்தச் சம்பந்தம் இத்துடன் முறிந்தது.”

— யிஸ்கா, நீயாவது அழுது கிழுது தடுக்கக் கூடாதா?

— அப்பா சொன்னா சரிதான் மாமா.

— பாத்தியா, இதுதான் வளர்ப்பு. இந்தா, கையெழுத்துப் போட்டாச்சு. உறையில போட்டு ஒட்டு.

— ஒட்டிட்டேன். தபால்காரர் வாசல்லதான் நிக்கறார், ஜன்னல் வழியா நீட்டிடறேன்... வாங்கிட்டார். மனசைத் தேத்திக்கோ, கண்ணு.

— தெரு முனை தாண்டிட்டாரா மாமா?

— தாண்டிட்டார். ஏம்மா?

— அந்த நூலை வாங்கி அவருக்குக் கட்டிவிட்டதே நான்தான். அவரைப் பிடிக்கலைன்னு எத்தனை தடவை சொல்லியும் உங்க ரெண்டு பேர் காதுலயும் ஏறலையே.