அம்னாவின் கல்யாணப் படங்கள்

“வெளிய வாடி கைறுன்னிஸா. என்ட புள்ளைக்கு எதிரா எழுதிப் போட்டது நீதானே. அல்லாஹ்வுக்குப் பயமில்லையா உனக்கு?”

அடுத்த வளவு முப்லிஹா என் கேற்றைப் பிடித்து உலுப்பிக்கொண்டு நின்றாள். நான் குசினியில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கணவாயைப் பாதியில் விட முடியாது. முடித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போனேன்.

“மெல்லப் பேசுங்க ராத்தா. தெருவே பார்க்குது.”

“பார்க்கட்டும். பார்க்கத்தான் வந்தன்.”

அவள் சொன்னது உண்மை. நான்தான் எழுதினேன்.

அவள் மகள் அம்னாவைக் கட்டியவன் கனடாவில் இருக்கும் ஷிஹான். அந்தச் சம்பந்தம் முதலில் வந்தது என் மகள் நஸ்ஹாவுக்கு. ஏறாவூரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்போம். நாங்கள் கட்டிய வீட்டுக்கு அப்போது கூரை இல்லை. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், தேத்தண்ணியைத் தொடாமல் முப்லிஹா வீட்டுக்குள் போனார்கள். அதை நான் மனதில் வைத்திருக்கவில்லை. முப்லிஹா எங்கள் வேலியோரம் கொட்டும் இறால் கோதுகளின் நாற்றம்தான் எனக்குத் தாங்காது.

நிக்காஹ் முடிந்த அடுத்த வருஷம் ஷிஹான் இரண்டு மாத லீவில் வந்தான். அம்னாவைக் கனடாவுக்கு எடுக்க ஒரு சட்டத்தரணி தேவைப்பட்டது. என் தம்பியின் விசாவைப் பார்த்த கொழும்பு ஆளை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். ஷிஹான் விருந்து விருந்தாகத் திரிந்தான். அம்னா முழுகாமல் இருந்தாள். வாயைத் திறந்தால் சத்தி. அந்த மணத்தோடு என் கையைப் பிடித்தாள்.

“சாச்சி, நீங்களே அந்தச் சட்டத்தரணியோட பேசுங்க. எங்கட கல்யாணத்தில ஒரு படமும் எடுக்கல்லையே, அதக் கேளுங்க.”

அவர்கள் படம் எடுப்பதைப் பாவமென்று நினைக்கும் குடும்பம். பேசிவிட்டு வந்து சொன்னேன்:

“படம் இல்லாட்டிச் சரிவராதாம் மகள். இப்ப உடுத்து எடுத்துப்போட்டு, நிக்காஹ் அண்டைக்கு எடுத்ததெண்டு குடுப்பம்.”

கல்யாணச் சேலையை மறுபடி உடுத்தாள். வட்டிலப்பம் கூட நான் அவித்துக் கொண்டுபோனேன். வெளிச்சம் நல்லமென்று இருவரையும் சுவரோடு நிறுத்தியதும் நான்தான். அவர்களின் தலைக்கு மேலே அந்த வருஷத்து ஆகஸ்ட் மாதக் கலண்டர் தொங்கியது. நிக்காஹ் நடந்தது அதற்கு முந்தின வருஷம் மார்ச்சில்.

படங்களைச் சட்டத்தரணிக்கு அனுப்பியவள் நான். ஷிஹான் திரும்பிப் போனபின், கலண்டரைப் பார்க்கும்படி விசா அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதியவளும் நான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்ப்படம் கொடுத்ததற்காக அம்னாவின் விண்ணப்பத்தை மறுத்து, ஐந்து வருஷத்துக்குத் தடையும் போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தரணி படம் கேட்கவேயில்லை. “இல்லாட்டி இல்லையென்றே எழுதுவோம். நிக்காஹ் பதிவும் பள்ளிவாசல் கடிதமும் போதும்” என்றுதான் அன்று போனில் சொன்னார். அம்னா வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தி எடுத்த வாயைக்கூடத் துடைத்திருக்கவில்லை.

கனடாவில் தன் பெயர் கெட்டுப் போனதென்று ஷிஹானுக்குக் கோபம். பிள்ளையின் முகத்தையும் பார்க்காமல் தலாக் சொன்னான். அம்னா வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். முப்லிஹா வீட்டைப் பூட்டிவிட்டு, பேரப்பிள்ளையோடு ஓட்டமாவடிக்குப் போனாள். வேலியோரம் இப்போது துப்புரவாக இருக்கிறது.

ஷிஹான் போன வருஷம் என் நஸ்ஹாவைக் கட்டினான். நான் யாரையும் கேட்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். அல்லாஹ் எழுதியது நடந்தது. போன மாதம் நஸ்ஹா கனடா போனாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினேன். உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் கொஞ்சிய கன்னத்தைத் தலையில் போட்டிருந்த சோல் நுனியால் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள். வெயில் நாள், வியர்த்திருக்கும்.