மண்புழு செத்த சாக்கு

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சீறினாள்.

"அக்கா, உரத்தொட்டியில கிடந்த மண்புழு அம்புட்டையும் எம் புருசன் கொன்னுபுட்டாரு."

"எப்படிடி?"

"தொட்டி காயாம இருக்க ஈரச் சாக்கு போட்டு மூடச் சொன்னாக வேளாண் ஆபீசுல. இந்தக் கூறுகெட்ட மனுசன், ஏலக்காத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து வந்த சாக்க நனைச்சுப் போட்டிருக்காரு. காலையில பாத்தா ஒண்ணுகூட நெளியல. கேட்டா, 'அலசித்தான போட்டேன், வெறும் சாக்கு என்னடி செய்யும்?'ங்கிறாரு."

"ஒரு சாக்குதான் கொண்டாந்தாரா?"

"ரெண்டு."

"இன்னொண்ணு எங்க?"



"ரேசன் அரிசிய நான் அதுலதான்க்கா கொட்டி வச்சிருக்கேன்."

சட்டென்று எழுந்து கண்டக்டரைப் பார்த்துக் கத்தினாள்.

"வண்டிய நிறுத்துங்கண்ணே! புள்ளைகளுக்குச் சோறாக்க அந்தாளு இந்நேரம் உலை வச்சிருப்பான்!"