கண்டக்டர் நான்தான்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேனியில் ஒரு மனிதன் செய்வதற்கு அதிகம் எதுவும் கிடையாது. சுருளிக்குப் போய்க் குளிக்கலாம், கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கலாம், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் போய் உட்கார்ந்து வேர்க்கலாம். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. அதனால்தான் நான் பஸ் விட ஆரம்பித்தேன்.

நிஜ பஸ் இல்லை அய்யா. உங்கள் ஏட்டு இதைச் சூதாட்டம் என்று நினைத்துக்கொண்டார், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பகடை உண்டு, பந்தயம் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். மூன்று பேர் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கற்பனை செய்துகொண்டு அந்த ஆளாகவே பேசுவார்கள். நாலாவது ஆள் நான். அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள், கதவைத் திறந்தால் எதிரே யார் என்று நான் சொல்வேன். அவர்கள் செய்ய நினைப்பது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பள்ளிக்கூட நாட்களில் டிவியில் வெளிநாட்டு சீரியல்கள் பார்ப்பேன். காலத்துக்குள் முன்னாலும் பின்னாலும் போய் வருவார்கள். அந்தக் கிறுக்கு என்னை விடவே இல்லை. அவர்கள் ஊரில் அதற்கு மினுமினுக்கிற இயந்திரம் வைத்திருந்தார்கள். என் ஆட்டத்தில் அது கம்பம் போகிற பழைய பிரைவேட் பஸ்.

அந்த பஸ்ஸில் ஏறினால் பெரியாறு அணை கட்டிய காலத்துக்குப் போகலாம். முல்லையாறு வற்றி, போடி மலையில் ஏலச்செடியே இல்லாத காலத்துக்கும் போகலாம். கண்டக்டர் நான். கழுத்தில் நிஜ விசில் தொங்கும். ரெண்டு விசில் கொடுத்தால் பஸ் கிளம்பிவிட்டது, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒற்றை விசில் கொடுத்தால் ஊர் வந்துவிட்டது, திறக்கலாம். நடுவில் நான் என்ன சொன்னாலும் கண்ணை மூடியபடியே செய்ய வேண்டும். திறந்தால் அவருடைய பாத்திரம் அங்கேயே செத்துப்போகும், திரும்பி வராது. நான் போட்ட சட்டம் அது ஒன்றுதான். ஒன்றே ஒன்றைக் கேட்டேன்.

அல்லிநகரத்தில் எங்கள் ஏலக்காய்க் கடையின் மாடியில்தான் மேசை. அப்பா மேலே ஏறி வந்து ஒருநாள் பார்த்துவிட்டு, "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியல, இவரு வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போறாராம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் பெயர் வைகுண்டராஜ் என்பதால் கீழே மூட்டை தைக்கிறவர்கள்வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. நான் பொறுமைசாலி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் வினோத்ராஜ். போடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் எப்சிபா. அப்புறம் ராயப்பன்பட்டியிலிருந்து சகாய பிரவீன். தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார், என்னைவிடப் பத்து வயது இளையவன். வருஷக்கணக்கில் ஒரு வாரம் தவறாமல் ஓட்டினேன். விசில் அவர்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. சின்னமனூரில் நிஜ பஸ்ஸின் கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்ததும் வினோத்ராஜ் கண்ணை மூடிக்கொண்டானாம். பக்கத்தில் இருந்த அம்மா, மயக்கமா தம்பி என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்களாம். அதை அவன் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

சில நாள் அவர்களை எழுப்பி நிறுத்தி, கண்ணை மூடியபடி என் குரலைப் பிடித்து மாடி முழுக்க நடக்கச் சொல்வேன். காலத்துக்கும் காலத்துக்கும் நடுவில் இருக்கும் இருட்டு அது. வினோத்ராஜ் கையை நீட்டிக்கொண்டு தடவித் தடவி வருவான். எப்சிபா சிரித்து நின்றுவிடுவாள். பிரவீன் மட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பது போல நடப்பான். மூட்டை அடுக்குகளுக்கு நடுவே ஒரு தடவைகூட இடித்துக்கொண்டதில்லை. எப்படிடா என்று கேட்டால், "நீங்க சொல்றீகள்லண்ணே, அப்புறம் என்ன" என்பான். அவன் மேல் எனக்கு இருந்த பிரியத்தை யாரும் சந்தேகப்படக் கூடாது.

எப்சிபாவின் பாத்திரம் மேட்ரன் ரோஸி. எதிர்காலத்து நர்ஸ், குண்டு, வாய் ஜாஸ்தி. எல்லோருக்கும் ரோஸியைப் பிடிக்கும், எனக்கும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்சிபாவின் போன் அடித்தது. அவள் கண்ணைத் திறந்து எடுத்துப் பார்த்தாள். ரோஸி பஸ்ஸிலிருந்து விழுந்து செத்துவிட்டாள் என்று சொன்னேன். எப்சிபா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அன்றைக்கு அவள் அப்பா மதுரையில் ஆபரேஷனுக்குப் போயிருந்தார், அந்த போன் அங்கிருந்து வந்தது. அதற்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவர் பிழைத்தும் கொண்டார்.

"பாவம்ணே, ஆஸ்பத்திரில இருந்து வந்த போனு. விட்ருங்கண்ணே" என்றான் பிரவீன்.

முடியாது என்றேன். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் செத்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து டிக்கெட் கேட்பார்கள். விலை இல்லாத பயணம் எதற்கு? உப்பைத் தின்றால் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். இதை நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னேன். பிரவீன் தலையை ஆட்டினான்.

அப்புறம் சனிக்கிழமைகளில் போடியில் எப்சிபா வீட்டு ஹாலில் இன்னொரு மேசை ஓடுவது எனக்குத் தெரியவந்தது. வினோத்ராஜ்தான் வாய் தவறிச் சொன்னான், சொல்லிவிட்டு முழித்தான். நான் கிளம்பிப் போனேன். மரியாதையாக உள்ளே கூப்பிட்டு, சேர் போட்டு, காபி கொடுத்தார்கள். எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள், பாதிப் பேரை எனக்குத் தெரியாது. என் பஸ். என் ரூட். பிரவீன் கழுத்தில் ஒரு விசில். அவன் ரெண்டு விசில் கொடுத்தான், ஒருவரும் கண்ணை மூடவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்னென்ன தெரிகிறது என்று ஆளாளுக்குச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். முன் சீட்டில் மேட்ரன் ரோஸி உட்கார்ந்து எல்லோருக்கும் முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கொன்றவளை அவன் ஏற்றியிருந்தான்.

எனக்கு வந்த கோபத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. காது அடைத்துவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்தேன். வெளியே வந்த பிரவீனிடம் கேட்டேன். அவன் குழைந்துகொண்டே, "இது உங்க பஸ்தாண்ணே. சனிக்கிழமை ஒரு டிரிப்பு நாங்க அடிக்கிறோம், அம்புட்டுத்தான்" என்றான்.

"சட்டம் எங்கடா?"

"கண்ணை எதுக்குண்ணே மூடணும்? திறந்துகிட்டே போனா வேடிக்கை பார்த்துகிட்டே போகலாம்ல."

உள்ளே யாரோ அதைக் கேட்டுச் சிரித்தார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அதுவாவது முட்டித்தான் பாயும். இவன் சிரித்துக்கொண்டே பாய்ந்தான். திட்டியிருந்தால், சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆகியிருக்காது. அண்ணே அண்ணே என்று சொல்லிக்கொண்டே என் ஆயுசையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆமாம், ஆயுசு. எனக்குக் கல்யாணம் இல்லை, கடையில் அப்பா பேச்சுக்கு மேல் பேச்சு இல்லை. அந்த மேசையில்தான் நான் சொன்னால் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகள் தேய ஆரம்பித்தன. வினோத்ராஜுக்குக் காய்ச்சல், எப்சிபாவுக்குச் சர்ச்சில் வேலை. பிரவீன் மட்டும் வந்துகொண்டிருந்தான். அதுதான் ரொம்ப எரிச்சல். எதிரே ஒற்றையாளாக உட்கார்ந்து, ரெண்டு விசில் கொடுத்தால் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொள்வான். எனக்காகப் பரிதாபப்பட்டு வருகிறான் என்று நன்றாகத் தெரிந்தது. அவன் மூடிய இமைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பொங்கிப் பொங்கி வரும். ஒருநாள் ஒற்றை விசில் கொடுக்காமல் அப்படியே விட்டு, கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவன் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பிறகு நானே மூன்று பேருக்கும் போன் செய்தேன். விசிலைப் பிரவீனுக்கே கொடுத்துவிடப் போகிறேன், கடைசியாக ஒரு டிரிப் என் சட்டப்படி ஓட்டிக்கொள்கிறேன், கோம்பையில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் வைத்துக்கொள்வோம் என்றேன். பிரவீன் போனிலேயே அழுதுவிட்டான். எப்சிபாவும் வருவதாகச் சொன்னாள். ஊர் கூடித் தேர் இழுப்பது போல அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு.

தோப்பின் மேற்கு ஓரத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது, தரையோடு தரையாக வாய் திறந்துகிடக்கும். கோடையில் அடிப்பாறை தெரியும். ஆடுமாடு விழாமலிருக்கச் சுற்றி முள் படல் வைத்திருப்போம். அன்று காலையில் படலை இழுத்துப் போட்டது நான்தான். செருப்பைத் தாண்டி முள் ஏறும், வருகிறவர்களுக்குக் காலில் குத்திவிடக் கூடாது என்று எடுத்தேன். தோப்புக் காவல் பார்க்கும் மொக்கைச்சாமியை உத்தமபாளையத்துக்கு உரம் வாங்க அனுப்பியதும் நான்தான். உரமும் தேவையாகத்தான் இருந்தது.

பிரவீன் தூக்குவாளியோடு வந்தான். "அம்மா குடுத்துவிட்டாக. வைகுண்டம் அண்ணனுக்கு நெத்திலிக் குழம்புன்னா உசுருன்னு சொன்னாக" என்றான். சாப்பிட்டோம், நன்றாக இருந்தது. வினோத்ராஜ் அந்த சின்னமனூர்க் கதையை மறுபடி சொன்னான். கிணறு இருக்கிறது, பார்த்து நடங்கள் என்று நானேதான் எல்லோருக்கும் காட்டினேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்டு முடித்து எழுந்து நின்றார்கள். ரெண்டு விசில் கொடுத்தேன். மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். மற்ற இரண்டு பேரையும் அங்கேயே நிற்கச் சொன்னேன், இது புதுக் கண்டக்டர் தனியாக நடக்க வேண்டிய இருட்டு என்றேன். பிரவீனை நாலைந்து தடவை அப்படியும் இப்படியும் திருப்பி நடக்கவிட்டேன், திசை மறந்துபோகட்டும் என்று. பிறகு நான் சத்தமில்லாமல் சுற்றிப் போய்க் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் குரலைப் பிடித்து வா என்றேன்.

நான் அவனைத் தொடவில்லை. அவனுக்கு ஒரு வழியும் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்தபடியே போகலாம் என்பது அவன் சட்டம்தானே? அவன் தன் சட்டத்தை நம்புகிறவனாக இருந்தால் திறந்திருக்கலாம். திறந்தால் அவன் ஜெயித்தான், விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இது சத்தியம். எப்சிபா கண்ணைத் திறந்தாள், அவளால் எப்போதுமே மூடி வைத்திருக்க முடியாது. அவள் கத்தினாள் என்பதும் நான் பிரவீனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது என்பதும் சரி. ஆனால் அவள் கத்தியபோது நேரம் கடந்துவிட்டது.

வக்கீல் நேற்று வந்து பேசினார். நெடுநாள் மனக்கசப்பு, தாங்க முடியாத கோபம், அந்த நிமிஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது, இப்படிச் சொன்னால் தண்டனை குறையும் என்றார். அப்பாவும் அதையே சொல்லச் சொல்லி அழுதார். இவ்வளவு நேரம் என் கோபத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனாலும் அதை அப்படி எழுத வேண்டாம் அய்யா.

பிரவீன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக வந்தான். கிணற்று விளிம்பில் வந்து நின்றுவிட்டான். காலடியில் மண் உதிர்ந்து உள்ளே விழுந்த சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். கண்ணைத் திறக்கவில்லை.

"அண்ணே, கிணறு இங்கனதானே இருந்துச்சு?" என்று கேட்டான்.

கண்ணைத் திறந்து பார்ப்பதற்குப் பதிலாக என்னைக் கேட்டான். அந்த நொடியில் என் கோபம் மொத்தமும் வடிந்துவிட்டது. ஒரு சொட்டு மிச்சமில்லை. மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்தது அப்படி இறங்கியதும் மனசு லேசாகி, அவன் மேல் பழைய பிரியமே திரும்பி வந்தது. அவனுடைய அம்மாவின் குழம்பு ருசி இன்னும் நாக்கில் இருந்தது. நான் மூச்சை நன்றாக இழுத்து விட்டேன், யோசித்தேன், அதற்குப் பிறகுதான் பேசினேன்.

"அது உனக்குப் பின்னால அங்கன கிடக்குடா தம்பி. எதிர்ல நான்தான் நிக்கிறேன், வா."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைத்தான்.