ஒரு மணி நேரக் காவல்

டீயை வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போவதுதான் என் வழக்கம், சார். வாடிக்கையாளர் வீடுகளில் பாலை அள்ளி ஊற்றிவிடுகிறார்கள். என் ஃபிளாஸ்க்கில் மூன்று கப் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சரியாக வரும்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். 'கூரை வேலைக்காரரின் கவனக்குறைவு. வேலை முடிந்ததும் காவல் இருக்காமல் கிளம்பிவிட்டார்' என்று உங்கள் தீ விபத்து அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது பொய்.

தட்டைக் கூரைக்குத் தார் ஷீட் ஒட்டுவது நெருப்பு வேலை. சுருளை உருட்டிக்கொண்டே அதன் அடிப்பக்கத்தை கேஸ் டார்ச்சால் உருக்க வேண்டும். ஷீட்டுக்கு அடியிலுள்ள கூரைப் பலகைக்குள் ஒரு பொறி போய் உட்கார்ந்தால் சாவகாசமாகத்தான் புகையும். அதனால் டார்ச்சை அணைத்த பிறகு ஒரு மணி நேரம், ஒரு வாளித் தண்ணீரோடு காவல் இருக்க வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒருநாளும் அதில் தவறியதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் கிரிக்கெட் மைதானத்துப் பெவிலியன் எரிந்தது. அன்று பகலில் அதன் கூரைக்கு ஷீட் போட்டவன் நான். பெவிலியன் சாவியை வைத்திருந்தவர் நார்மன் ஹோல்ராய்ட். "கிளிஃபர்ட் காவல் இருக்காம பீர் அடிக்கப் போயிட்டான், என் கண்ணால பாத்தேன்" என்று பப்பில் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து பக்கத்து நகரமான ஹாலிஃபாக்ஸ் வரைக்கும் என் பெயர் 'தீக்குச்சி'. நான் உள்ளே நுழைந்தால் சிகரெட்டை நீட்டிப் பற்றவைக்கச் சொல்வார்கள். வேலைக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். என் மனைவி மௌரீன் பேக்கரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

போன மாதம் நார்மனே கூப்பிட்டார். கார் ஷெட் கூரை ஒழுகுகிறதாம். என் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலாவது வாயை மூடுவார் என்று போனேன்.

சனிக்கிழமை. தெருவே மேட்சுக்குப் போயிருந்தது. கால் வீக்கத்தால் நார்மன் மட்டும் போகவில்லை. கடைசிச் சுருளில் இருந்தேன். ஏணியடியில் வந்து நின்றார்.

"ஏய் தீக்குச்சி, இன்னைக்காவது உக்காருவியா, இல்ல தொண்டை காயுதா?"

"அன்னைக்கும் உக்காந்தேன், நார்மன்."

"தெரியுமே. பெவிலியன் எரிஞ்சது என் ஹீட்டரால. அணைக்க மறந்துட்டேன்." சிரித்தார். "யார் மேலயாவது போடணும்ல? நீதான் கையில டார்ச்சோட நின்ன. விடுப்பா, ஊரு சிரிச்சுட்டுப் போகுது."

ஷெட்டுக்குள் போய்க் கதவை இறக்கிக்கொண்டு, அங்கே கிடந்த பழைய சோபாவில் படுத்தார். ரேடியோ ஓடியது.

கோபம் வந்ததா என்றால், வந்தது. மீதிச் சுருளை ஒட்டி முடித்தேன்.

கூரை ஓரத்தில், பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய குருவிக்கூடு இருந்தது. காய்ந்த புல். காலையிலேயே பார்த்துவைத்திருந்தேன். எப்போதும் கூட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த ஓரத்தை நெருப்பில்லாமல் பசையால் ஒட்டுவேன். அன்று பிடுங்கவில்லை. டார்ச்சை ஒருமுறை அந்தப் பக்கம் காட்டிவிட்டு அணைத்தேன். மணி இரண்டு பத்து.

சாமான்களை ஏற்ற என் வேனைப் பின்னால் எடுத்து, ஷெட் கதவோடு ஒட்டி நிறுத்தினேன். அது வெளிப்பக்கமாகத் தூக்கித் திறக்கும் கதவு. ஷெட்டுக்கு வேறு வழி கிடையாது.

பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபதாவது நிமிடம் ஓரத்தில் நூல்போலப் புகை. இரண்டாவது கப் ஊற்றினேன். முப்பத்தைந்தில் உள்ளே இருமல். அப்புறம் கதவு ஆடியது, வேன் லேசாக அசைந்தது. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டிருந்தேன்.

நாற்பத்தொன்றில் என்னைக் கூப்பிட்டார். தீக்குச்சி என்று இல்லை. "கிளிஃபர்ட்... கிளிஃபர்ட், இருக்கியாப்பா?"

இருந்தேன்.

மூன்று பத்துக்குத்தான் எழுந்தேன். வாளித் தண்ணீரை அவருடைய ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கொலை என்று எழுதுங்கள், சார். எனக்கு ஆட்சேபணை இல்லை. 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மௌரீன் நாளைக்கே தலைநிமிர்ந்து பேக்கரிக்குப் போகட்டும்.