குவான் மாமாவை எழுப்பிய விதம்

டீ நன்றாக இருக்கிறது சார். தண்ணீர் சரியாகக் கொதித்திருக்கிறது. உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ரயில் பெட்டி முழுக்க ஆட்கள் நூடுல்ஸ் டப்பாவைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது குழாயில் வெதுவெதுவென்று தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள். நாடே கவிழ்ந்துவிடும். என் பெட்டியில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொன்னார்கள். நான் ஹார்பின் நகரத்திலிருந்து வடக்கே காட்டுப்பக்கம் போகிற ராத்திரி வண்டியில் படுக்கைப் பெட்டிப் பணியாளராகச் சேர்ந்தேன். புது வண்டிகள் இல்லை சார், பழைய பச்சை வண்டி. பெட்டிக்குப் பெட்டி கரி அடுப்பு. நான்தான் கரி அள்ளிப் போட வேண்டும். நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, படிக்கட்டில் உறைந்த பனியைக் கோடாரியால் கொத்த வேண்டும். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் கை வெடித்துப்போய் அழுதார்கள். நான் பாட்டுப் பாடிக்கொண்டு கொத்தினேன். என் தோழி ஒருத்தி, "ஏய் ஃபெங், உனக்குக் கல்யாணம் வேண்டாம்டி, ஒரு இன்ஜினைக் கட்டிக்கோ" என்பாள். இன்ஜின் சம்மதித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வேலையிலேயே எனக்குப் பிடித்தது எழுப்புவதுதான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் நான் சொல்வதை எழுதிக்கொள்கிற மேடம் விமானத்தில் போகிறவர் போலத் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். பயணி ஏறியதும் டிக்கெட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டு, படுக்கை எண் போட்ட அட்டையைக் கையில் கொடுப்பேன். அவருடைய ஊர் வருவதற்குச் சற்று முன்னால் நானே போய் எழுப்பி, அட்டையை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைத் திருப்பித் தருவேன். அதனால் எங்கள் வண்டியில் யாரும் அலாரம் வைப்பதில்லை. ஒரு பெட்டி மனிதர்கள், குடும்பத்தோடு, குறட்டையோடு, என்னை நம்பித் தூங்குவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

சில பணியாளர்கள் படுக்கைக் கம்பியில் தட்டி எழுப்புவார்கள். அது மாட்டை எழுப்பும் முறை. நான் கால் பக்கம் போர்வையின் நுனியை மெல்ல இழுப்பேன். கண்ணைத் திறக்கும்போது முதலில் தெரிவது என் முகமாக இருக்கும். திகைப்பு, பயம், பிறகு ஒரு நன்றி. அந்த நன்றிக்காகத்தான் கரி அள்ளுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்ததுண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். படுக்கையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, நகம் துப்பாக்கிக் குண்டு மாதிரி அடுத்தவர் கஞ்சியில் விழும். அப்படிப்பட்டவர்களை ரொம்ப முன்னாலேயே எழுப்பிவிடுவேன். மூட்டை முடிச்சோடு கதவோரம் குளிரில் நிற்பார்கள். போனில் சத்தமாக வீடியோ பார்க்கிறவர்களைக் கடைசி நொடியில் எழுப்புவேன். ஒரு செருப்போடு இறங்கி ஓடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் ஒழுங்கு இருந்தது.

குவான் மாமா நகம் வெட்டவில்லை. அதை நான் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அன்று என் பெட்டியில் ஏறியவர்களிலேயே நல்ல மனிதர் அவர்தான்.

ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினார். மரம் ஏற்றும் வேலையில் ஆயுள் முழுவதும் இந்தத் தடத்தில் போய்வந்தவராம். யிங்லினில் மறுநாள் காலை அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைக்க வருவதற்குள் அப்பா வீட்டில் இருக்க வேண்டும். தாயில்லாத பெண். அப்பா கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன் என்று சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெட்டிக்கே தெரியும். தள்ளுவண்டிக்காரி, "காலை உள்ள இழுங்க, கடலை, பீர், கஞ்சி" என்று கத்திக்கொண்டு போனபோது அவளை நிறுத்தி அவளுக்கும் சொன்னார். அவள், "வாழ்த்துகள் மாமா, இப்ப காலை இழுங்க" என்றாள்.

விளக்கு அணைப்பதற்கு முன் அவர் போன் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். "பொண்ணு உங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

"அக்கா, நான் நிங்நிங்" என்றாள். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம். "எங்கப்பா குடிச்சிட்டாரா?"

"ஒரு சின்ன பாட்டில்தான்."

"அவர் தூங்கினா கொட்டுமேளம் கொட்டினாலும் எந்திரிக்க மாட்டார்க்கா. ஒரு தடவை ஊரைத் தாண்டி எல்லை வரைக்கும் போயிட்டார். நாளைக்கு மட்டும் எப்படியாவது எழுப்பி விட்டுடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் எழுப்புறேன். கவலைப்படாம தூங்கு."

வாக்குக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அது முழு மனதோடு கொடுத்த வாக்கு. போனைச் சார்ஜ் போட என் அறையில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

பிரச்சினை என்னவென்றால் அவர் தூங்கவில்லை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. நடைபாதை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு ஊரும் அவருக்கு இருட்டிலேயே அடையாளம் தெரிகிறது. நான் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் எழுப்பப் போய்விடுகிறார். "எந்திரிப்பா, உங்க ஊரு வந்தாச்சு, பொண்டாட்டி கம்பு வச்சிட்டு நிக்கிறா." அவன் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறான். அடுத்தவன், அதற்கடுத்தவன். ஒரு கிழவர் அவருக்கு ஆரஞ்சு கொடுத்தார். அந்த வண்டியில் எனக்கு இதுவரை யாரும் ஆரஞ்சு கொடுத்ததில்லை.

"மாமா, நீங்க படுங்க, அது என் வேலை" என்றேன்.

"இருக்கட்டும் பொண்ணே. நீ போய்க் கரியைப் பாரு. பாவம், கறுத்துப் போயிருக்க."

வண்டி மேலாளர் தாவ் அந்தப் பக்கம் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஃபெங், இவருக்கு உன் தொப்பியைக் குடுத்துட்டு நீ படுத்துத் தூங்கேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை.

பிறகு குழந்தையோடு ஒரு பெண். அவள் கீழ்ப் படுக்கை. அவளை நான் எப்படி எழுப்புவது என்று மாலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். குழந்தை விழிக்காமல் தாய் மட்டும் விழிக்க வேண்டும். அதற்கு ஒரு பக்குவம் உண்டு. நான் போய்ச் சேர்ந்தபோது குவான் மாமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கிறது. அவள் அவரைப் பார்த்து, "நீங்க இல்லேன்னா என் ஊரை விட்டிருப்பேன்" என்கிறாள். பிறகு என் கையிலிருந்து டிக்கெட்டை வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டிய கொக்கியிலிருந்து எடுப்பது போல எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் சார். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இல்லை. இது சின்னது என்று எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. படுத்ததும் குறட்டை. என் அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபமெல்லாம் இல்லை. மனம் ரொம்பத் தெளிவாக இருந்தது.

யிங்லினுக்கு வெகுதூரம் முன்னால், காட்டுக்குள் ஒரு விலகு பாதை இருக்கிறது. பின்னால் வரும் வேக வண்டிக்கு வழிவிட நாங்கள் அங்கே ஒதுங்கி நிற்போம். பயணிகளுக்கான நிறுத்தம் இல்லை. பெயர்ப்பலகை இல்லை, நடைமேடை இல்லை, ஒரு சிக்னல் அறை மட்டும், அதுவும் பூட்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம். வண்டி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பனி விழும் சத்தம்கூடக் கேட்கும். அங்கே கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. சாவி என்னிடம்தான் இருக்கும்.

போர்வை நுனியை இழுத்தேன். கண்ணைத் திறந்தார். என் முகத்தைத்தான் பார்த்தார்.

"மாமா, யிங்லின்."

"அதுக்குள்ளயா?"

"வண்டி இன்னைக்கு முன்னாடியே வந்துடுச்சு."

மெதுவாகச் சிரித்தார், மற்றவர்கள் விழிக்காதபடி. "நானும் இத்தனை வருஷமாப் பாக்கறேன், இந்த வண்டி முன்னாடி வந்ததே இல்ல. எல்லாம் என் பொண்ணோட ராசி."

நான் அவசரப்படுத்தவில்லை. கோட்டு மாட்ட நேரம் கொடுத்தேன். கல்யாணத்துக்கு வாங்கிய புதுக் கோட்டு, மெல்லியது. கம்பளிப் பூட்சைப் பையில் திணித்துவிட்டுப் புதுத் தோல் ஷூவைப் போட்டுக்கொண்டார். அட்டையை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கொடுத்தேன், விதிப்படி. அந்த டிக்கெட் அவர் சட்டைப்பையில் இருந்திருக்குமே. போனை அவர் கேட்கவில்லை. மறந்த பொருளை நினைவுபடுத்துவது நல்ல பழக்கம்தான், ஆனால் விதியில் அப்படி எதுவும் இல்லை.

காட்டுப் பக்கக் கதவைத்தான் திறந்தேன். மறுபக்கம் வேக வண்டி வருகிற பாதை. யாராவது அடிபட்டுவிடக் கூடாது. நான் கவனக்குறைவான ஆள் இல்லை சார்.

கையளவு கல்யாண மிட்டாய் எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். "நல்லா எழுப்பினம்மா. சத்தமே இல்லாம." பிறகு இறங்கினார். முழங்கால் வரை பனி.

"பிளாட்ஃபாரம் எங்க பொண்ணே?"

"நாம கடைசிப் பெட்டி மாமா. பிளாட்ஃபாரம் முன்னாடி இருக்கு. நேரா நடங்க."

"மாப்பிள்ளை விளக்கோட நிக்கிறேன்னான். ஒண்ணையும் காணோமே."

"வருவார் மாமா. வண்டி முன்னாடி வந்துடுச்சுல்ல."

"அதுவும் சரிதான்" என்றார். நடந்தார். கதவைச் சாத்திப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் வேக வண்டி கடந்து போனது, அதன் ஜன்னல் வெளிச்சம் எங்கள் பெட்டி ஜன்னல்கள் வழியாகப் புகுந்து காட்டுப் பக்கப் பனிமேல் ஓடியது. அதில் ஒருமுறை அவர் தெரிந்தார். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வண்டியும் கிளம்பியது. அவர் கை காட்டினார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருட்டில் எல்லாக் கையசைப்பும் ஒன்று போலத்தான் இருக்கும்.

போய்ப் போர்வையை மடித்தேன். மிட்டாயில் ஒன்றைச் சாப்பிட்டேன். எள் மிட்டாய்.

யிங்லினில் நெஞ்சில் சிவப்புப் பூ குத்திய பையன் ஒருவன் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா, எங்க மாமனார் இந்தப் பெட்டிலதான் ஏறினார். குவான். கொஞ்சம் சத்தமாப் பேசுவார்."

"அவர் இறங்கிட்டாரே. நானே எழுப்பி இறக்கிவிட்டேன்."

"இறங்கிட்டாரா? எங்க?"

"கதவு வழியா" என்றேன். படிக்கட்டுப் பனியைக் கொத்த வேண்டியிருந்தது, அதற்குமேல் பேச நேரமில்லை.

வண்டி கிளம்பிய பிறகு என் அறையில் போன் அடித்தது. திரையில் நிங்நிங் என்று பெயர், பக்கத்தில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணின் படம். நிற்கும், மறுபடி அடிக்கும். காலை முழுக்க அடித்தது. எடுத்தேன், ஒரே ஒரு தடவை. "அப்பா, டீ ஆறுது" என்றாள். வைத்துவிட்டேன். அது எனக்கு வந்த அழைப்பு இல்லை.

சிக்னல் அறைக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்தார் என்கிறீர்கள். கதவைத் தட்டித் தட்டிக் கை காயமாகியிருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் நேராகத்தான் நடந்திருக்கிறார். சொன்னால் கேட்கிற மனிதர்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கதவைத் திறந்தது நான், ஊரைப் பொய்யாகச் சொன்னது நான், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான். ஆனால் மேடம், ஒரு வரி விட்டுவிட்டீர்கள். அந்தப் பெண் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும், இன்னும் அந்தக் கல்யாணச் சிவப்பு உடையோடு. அதையும் எழுதி அவளுக்கும் படித்துக் காட்டுங்கள். கொட்டுமேளம் கொட்டினாலும் எழுந்திருக்க மாட்டார் என்றாள். போர்வையை ஒரே ஒரு தடவைதான் இழுத்தேன், எழுந்துவிட்டார். அந்த வண்டியில் வேறு யாராலும் அவரை அப்படி எழுப்பியிருக்க முடியாது.